புதுசா கடை போடுறவங்களுக்கு: தராசு, கொப்பி, வாக்கு மூண்டையும் நேரா வச்சிக்கொள்ளுறது எப்படி

மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் இப்ப யாரப் பாத்தாலும் ஏதோ ஒரு யாவாரம் துவங்குறாங்க, கட்டாரில இருந்து வந்தவர் ஹார்ட்வெயார் போடுறார், கம்பஸ் முடிச்ச பிள்ளை வட்ஸ்அப்பில உடுப்பு விக்கிது, வட்டையில விதைச்சவர் இந்தப் போகத்தோட நெல்லு வாங்கி விக்கப் போறன் எண்டுறார். நல்ல விசயம்தான். எனக்கும் கோல் வரும், "அண்ண, சாமான் எங்க எடுக்கிறது, எவ்வளவு லாபம் வைக்கிறது, கடன் குடுக்கலாமா" எண்டு. ஆனா "நேர்மையா எப்படி நடத்துறது" எண்டு ஒருத்தரும் கேட்டதில்ல. ஏனெண்டா எல்லாரும் தாங்க நேர்மையான ஆள்தான் எண்டு நினைச்சிக்கிட்டுதான் துவங்குறாங்க, நானும் அப்படித்தான் துவங்கினன்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் பலசரக்குக் கடை வச்சி 16 வருசமாச்சு. நான் கண்டது என்னெண்டா, கள்ளத்தராசு போடணும் எண்டு திட்டம் போட்டுக் கடை திறக்கிறவன் குறைவு. நல்ல மனுசன்தான் பின்னேரம் ஆறரை மணிக்கு, கடை நிறையச் சனம் நிக்கக்குள்ள, களைச்சுப்போய் நிண்டு, மிச்சக் காசில 8 ரூபா இல்லாம ஒரு டொபியத் தூக்கிக் குடுக்கிறான், கடன் கொப்பியில பொறகு எழுதுவம் எண்டு விடுறான், மறுகா இரவு எழுதக்குள்ள 480ஆ 580ஆ எண்டு தெரியாம 580 எண்டு போடுறான். எப்பயும் கூடின பக்கம்தான் ஞாபகம் வரும், குறைஞ்ச பக்கம் வராது, நீங்களும் கவனிச்சுப் பாருங்க. அதால என்ட வழி என்னெண்டா மனச நம்பி விடாம, பிழை விட்டா உடன தெரியிற மாதிரி கடையையே ஒழுங்குபடுத்தி வைக்கிறது. அத எப்படி எண்டு நான் செஞ்ச ஒழுங்கிலயே சொல்லுறன்.

முதல்ல, எந்தக் காசி உங்கட காசி எண்டு பிரிங்க

கடை திறக்க முன்ன ரெண்டு வேலை இருக்கு. ஒண்டு பேர்ப் பதிவு. உங்கட சொந்தப் பேர் இல்லாம வேற பேரில யாவாரம் செய்யிறதெண்டா பிரதேச செயலகத்தில பதியணும், கிராம சேவகர்ட உறுதிப்படுத்தலோட போனா வேலை நடக்கும், அதோட பிரதேச சபையிலயோ நகர சபையிலயோ உங்கட யாவாரத்துக்கு என்ன அனுமதிப் பத்திரம் வேணும் எண்டு கேட்டு எடுங்க. பதிவு இல்லாட்டி பில்லில போட ஒரு பேர் இல்ல, பேர் இல்லாத பில்லுக்கு யார் பொறுப்பு எண்டு வாங்குறவருக்குத் தெரியா. அவ்வளவுதான், இதில பெரிசாச் சொல்ல ஒண்டுமில்ல.

ரெண்டாவது வேலைதான் முக்கியம், அதத்தான் எல்லாரும் விடுறாங்க. லாச்சிக்குள்ள கிடக்கிற காசி உங்கட காசி இல்ல. கணக்குப் பாருங்க, ஒரு நாளைக்கு 50,000க்கு விக்கிறீங்க, பலசரக்கில சராசரி 8 வீதம் நிக்கிது எண்டு வைங்க, அப்ப 4,000 ரூபாதான் உங்கட, அதிலயும் கடை வாடகை, கரண்ட், வேலைக்காரப் பிள்ளையிட சம்பளம் போகணும். மிச்ச 46,000மும் காத்தான்குடி மொத்தக் கடைக்காரர்ட காசி, பிஸ்கட் கொம்பனிர காசி, முட்டை கொண்டு வாறவர்ட காசி. அது உங்கட லாச்சியில ஒரு கிழமை தங்கிப் போகுது, அவ்வளவுதான். அது தெரியாம அதில எடுத்து மகள்ட சாமத்தியச் சடங்கு செஞ்சி, பைக்குக்கு லீசிங் கட்டி, பொறகு தவணைக்குக் காசில்லாம போனை ஓப் பண்ணிட்டுத் திரிஞ்ச நல்ல மனுசர்மார எனக்குத் தெரியும். அவங்க ஏமாத்த நினைச்ச ஆக்கள் இல்ல. லாச்சியப் பாத்து ஏமாந்த ஆக்கள்.

அதால கடைக்கெண்டு தனி பேங்க் எக்கவுண்ட் ஒண்டு திறங்க, உங்களுக்கு மாசம் ஒரு சம்பளம் போடுங்க, வீட்டுக்கு எடுக்கிற அரிசி பருப்புக்கும் பில் எழுதுங்க. என்ட மனிசிக்கு இது முதல்ல பெரிய கோவம், "என்ட கடையில நான் சீனி எடுக்க பில்லா" எண்டு. இப்ப அவதான் என்ன விடப் பிடிவாதமா எழுதுறா.

தராசு

இதில கொஞ்சம் நிண்டு சொல்லணும்.

இலங்கையில யாவாரத்துக்குப் பாவிக்கிற தராசு, படி, மீற்றர்க் கோல் எல்லாத்துக்கும் வருசா வருசம் முத்திரை அடிக்கணும், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் எண்டு ஒண்டு இருக்கு, 1995ம் ஆண்டு 35ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ அவங்கதான் செய்யிறது. கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்தில, விசாரிச்சா எந்த நாள் எங்க வாறாங்க எண்டு சொல்லுவாங்க, ஊர் ஊரா வந்தும் அடிப்பாங்க. புதுசா வாங்கின டிஜிட்டல் தராசு எண்டா சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சி விட்டுடாதீங்க.

என்ட கதையச் சொல்லுறன். கடை துவங்கி மூண்டாவது வருசம், புதுத் தராசு, முத்திரையும் இருக்கு. வெக்கை தாங்கேலாம கவுண்டருக்கு நேர மேல ஒரு சீலிங் ஃபேன் பூட்டினன். பக்கத்து ஒழுங்கையில ஒரு றிட்டயர்ட் டீச்சர் அம்மா இருக்கிறா, அவ மஞ்சள்தூள் 100 கிராம் கேட்டு நிக்கக்குள்ள, தராசையே பாத்துக்கொண்டு நிண்டா. தட்டில ஒண்டும் இல்ல, நம்பர் 0, 5, 10, 0, மறுகா 10 எண்டு ஆடுது. "மனே, உங்கட தராசு மூச்சு விடுது" எண்டா.

எனக்கு விளங்கல்ல. ஃபேன நிப்பாட்டினன், நம்பர் பூச்சியத்தில அப்படியே நிண்டிட்டு. ஃபேன் காத்து தட்ட அமத்துது. காத்து அமத்தக்குள்ள பூச்சியம் போட்டா சனத்துக்கு லாபம், காத்து அமத்தாத நேரம் போட்டா எனக்கு லாபம், அப்படி மாறி மாறி. அரிசி 5 கிலோவில 10 கிராம் ஒண்டுமில்ல, ஆனா மஞ்சள்தூள் 100 கிராமில 10 கிராம் பத்தில ஒண்டு, ஏலக்காய் 20 கிராம் வாங்கினவருக்கு பாதி. அஞ்சு மாசம் இப்படி வித்திருக்கன்.

என்ன செய்யிறது? ஆருக்கு எவ்வளவு குறைஞ்சது எண்டு கடவுளுக்கும் தெரியா. அண்டைக்கே ஃபேன அங்கால மாத்திட்டு, ஒரு மட்டையில "எங்கட தராசில கொஞ்ச நாள் பிழை இருந்தது, சரக்குத் தூள் வாங்கினவங்க சொல்லுங்க, குறைஞ்சதத் தாறம்" எண்டு எழுதித் தொங்க விட்டன். அப்பா அப்ப உயிரோட, அவர் தலையில கை வச்சார், சனம் இனி வராது எண்டு. 20, 25 பேர் வந்து கேட்டாங்க, கேட்டவங்களுக்கெல்லாம் 50 கிராம் தூள் சுத்திக் குடுத்தன், ரெண்டு பேர் வாங்காமலே வந்து கேட்டாங்க எண்டும் எனக்குத் தெரியும், அவங்களுக்கும் குடுத்தன். சனம் வராமப் போகல்ல.

இப்ப நீங்க செய்யவேண்டியது. தராசின்ட நம்பர் வாங்குறவர் பக்கமும் தெரியணும், ஒரு பக்கம் மட்டும் தெரியிற தராசு வாங்காதீங்க. மட்டமான மேசையில வைங்க, ஃபேனுக்குக் கீழ வைக்காதீங்க. முத்திரை அடிச்ச 500 கிராம் படிக்கல்லு ஒண்டு கடையில வச்சி காலமை கடை திறந்தோடன ஒருக்கா நிறுத்துப் பாருங்க, சனத்துக்கு முன்னாலயே செய்யுங்க. பேக்கோட நிறுக்கிறதெண்டா பேக்க முதல்ல வச்சி பூச்சியம் போட்டுட்டு மறுகா சாமான் போடணும். மீன் யாவாரம் செய்யப்போறவங்க ஐஸக் கழுவிட்டு நிறுக்கணும், வாவி இறாலுக்குத் தண்ணி வடியவிட்டு நிறுக்கணும், இது சொல்லித் தெரியவேண்டியதில்ல, ஆனா நிறுக்கிற நேரம் மறந்து போகும்.

எங்கட அப்பப்பா மரைக்காலால நெல்லு அளந்த ஆள். முதல் மரைக்காலுக்கு "ஒண்டு" எண்டு சொல்லமாட்டார், "லாபம்" எண்டு சொல்லித்தான் துவங்குவார். ஆனா கடைசியில ஒரு கை அள்ளி மேல போட்டுத்தான் விடுவார். டிஜிட்டல் தராசில அந்தக் கைக்கு இடமில்ல, ஆனா 998 கிராமில நிப்பாட்டாம 1,003 வரை போக விட்டா ஒருத்தரும் ஏழையாகப் போறதில்ல.

விலை

கடை வாசல்ல விலைப் பலகை போடுங்க. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ம் ஆண்டு 9ம் இலக்கம், அதிலயும் விலைய எல்லாருக்கும் தெரியிற இடத்தில போடணும் எண்டும் வாங்குறவர் கேட்டா பில் குடுக்கணும் எண்டும் இருக்கு. பக்கத்துக் கடைக்காரன் வந்து வாசிச்சிட்டுப் போய் ஒரு ரூபா குறைப்பான்தான், குறைக்கட்டும்.

பலகையின்ட உண்மையான பிரயோசனம் வேற. எங்கட ஊர்களில ஆளப் பாத்து விலை சொல்லுற பழக்கம் இருக்கு. காரில வந்தா ஒரு விலை, வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து பஸ்ஸில வந்த அம்மாவுக்கு அவ கேக்கமாட்டா எண்டு தெரிஞ்சி ஒரு விலை, வெளிநாட்டால வந்தவருக்கு வேற விலை. பலகையில எழுதிட்டா வாய்க்கு அந்த வேலை இல்ல. குறைச்சிக் குடுக்கணும் எண்டு இருந்தா குடுங்க, கூட்டிக் குடுக்கிறதுக்கு மட்டும் வழி வைக்காதீங்க.

பக்கட்டில அடிச்ச விலைக்கு மேல விக்கேலா, அது சட்டப்படி குற்றம், குளிர்ப்பெட்டியில வச்ச சோடாவுக்கு "கூலிங் சார்ஜ்" எண்டு பத்து ரூபா கூட்டுறதும் அதுதான். அடிச்ச விலைய மறைச்சி ஸ்டிக்கர் ஒட்டுற வேலையும் வேணாம். 2022 மார்ச்சில பால்மா 400 கிராம் பக்கட் ஒண்டு ஒரேயடியா 250 ரூபா கூடி 790 ஆன நாள் என்ட கடையில பழைய விலை அடிச்ச பக்கட் 26 கிடந்தது. 26ஐ 250ஆல பெருக்கிப் பாருங்க, 6,500 ரூபா, நான் ஒண்டும் செய்யாம ஒரு இரவில வருது. அந்த இரவு நான் நித்திரை கொள்ளல்ல, உண்மையச் சொல்லுறன், ஒளிச்சி வைக்கலாம் எண்டு நினைச்சன். காலமை பழைய விலைக்கே, கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ரெண்டு, மத்தவங்களுக்கு ஒண்டு எண்டு குடுத்தன். பத்து மணிக்கு முடிஞ்சிட்டு. அதுக்குப் பொறகு புது ஸ்டொக் எடுக்கக் காசி பத்தல்ல, அதுவும் உண்மை, மொத்தக் கடை நானாட்ட (முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானா எண்டுதான் கூப்பிடுறது) ஒரு கிழமை தவணை கேட்டுத்தான் எடுத்தன். நேர்மைக்கு ஒரு செலவும் இல்ல எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க, செலவு இருக்கு, அதையும் கணக்கில போட்டுத்தான் முதல் வைக்கணும்.

வாட், அதான் பெறுமதி சேர் வரி, எடுக்கிற விசயம். இப்ப 18 வீதம். நீங்க வாட்டுக்குப் பதிஞ்ச ஆள் இல்லாட்டி பில்லில வாட் எண்டு ஒரு சதமும் எடுக்கேலா.

டேட் முடிஞ்ச சாமான மாசம் ஒருக்கா, போயா லீவண்டு, றாக்கை முழுக்க இறக்கிப் பாருங்க. மிச்சக் காசிக்கு டொபி குடுக்கிறதுக்கு மருந்து, காலமையே பேங்கில சில்லறை எடுத்து வைக்கிறது.

கடன் கொப்பி

கிழக்கில கடன் குடுக்காம கடை நடத்தேலா. கவுண்மென்ட் உத்தியோகத்தர் மாசச் சம்பளத்துக்குக் கட்டுவார், கடலுக்குப் போறவர் மீன் பட்டாக் கட்டுவார், விவசாயி பெரும்போகம் வெட்டி பெப்ரவரி மார்ச்சில கட்டுவார், நடுவில சிறுபோகம் தண்ணி இல்லாம போனா அடுத்த வருசம்தான். இத மாத்தேலா, அதால ஒழுங்கா எழுதப் பழகுங்க.

ரெண்டு கொப்பி வைங்க. ஒண்டு கடையில, ஒண்டு அவங்கட வீட்டில. ரெண்டிலயும் ஒரே நேரம் எழுதணும், சாமான் கவுண்டரில இருக்கக்குள்ளயே எழுதணும், எழுதினத சத்தமா வாசிக்கணும்: "சீனி ரெண்டு, பருப்பு ஒண்டு, மா மூண்டு, மொத்தம் இவ்வளவு." எழுத்து வாசிக்கத் தெரியாத ஆக்கள் இருக்காங்க, அவங்களுக்கு வாசிக்கிறது இன்னும் முக்கியம், அவங்கட பிள்ளைட்ட ஒருக்கா காட்டச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைய அனுப்பி எடுக்கிற வீடெண்டா இரவு வட்ஸ்அப்பில கொப்பிப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, அஞ்சு நிமிச வேலை. வெட்டித் திருத்துறதெண்டா பழைய நம்பர் தெரியிற மாதிரி ஒரு கோடு மட்டும் கீறிட்டுப் பக்கத்தில எழுதுங்க, டிப்பெக்ஸ் போடாதீங்க. டிப்பெக்ஸ் போட்ட கொப்பிய ஒரு மனுசரும் நம்பமாட்டாங்க, நம்பவும் கூடாது.

அடுத்தது கடன் விலை. பசளை மருந்து விக்கிறவங்க இத நல்லாக் கேளுங்க. "வெட்டினோடன தாறன்" எண்டு எடுக்கிற விவசாயிக்குக் கைக்காசி விலையும் தவணை விலையும் வேற வேற எண்டா, அத எடுக்கிற அண்டைக்கே சொல்லணும். எனக்கு இத சொல்லித் தந்தது காத்தான்குடி மொத்தக் கடை நானா ஒராள். "தம்பி, தவணைக்கெண்டா விலைய இப்பவே பேசி முடி, அவர் ஓமெண்டா ஓம், இல்லாட்டி இல்ல. பிந்தினார் எண்டு பொறகு ஒரு ரூபா கூட்டாத, அது வட்டி" எண்டார். அவருக்கு அது மார்க்க விசயம், எனக்கு அது கணக்கு விசயமாவும் சரியாப் பட்டுது. கொப்பியில இருக்கிற தொகை அண்டையில இருந்து கடைசி வரை மாறாது எண்டு தெரிஞ்சா, கட்ட ஏலாதவரும் வந்து முகத்தப் பாத்துக் கதைக்கிறார், ஒளிக்கிறதில்ல.

கடன் கேக்கிற இடத்தில நாலு பேருக்கு முன்னால கேக்காதீங்க. கல்யாண வீட்டில, கோயில் திருவிழாவில கடன ஞாபகப்படுத்துறவன்ட கடைக்கு நானும் போகமாட்டன்.

வாங்குற இடத்திலயும் அதே தராசுதான்

விக்கக்குள்ள நேர்மையா இருந்திட்டு வாங்கக்குள்ள விழுங்குற ஆக்கள் கனபேர். நெல்லு யாவாரத்தில இது பச்சையாத் தெரியும். வெட்டு மெசின் வந்து ரெண்டு மணித்தியாலத்தில வெட்டிக் குடுத்திடும், நெல்லு ஈரம், மழை இருட்டுது, காயப்போட இடமில்ல, மெசின்காரனுக்குக் காசி குடுக்கணும். அந்த நேரம் லொறியோட போறவர் சொல்லுறதுதான் விலை. விலையக் குறைச்சாலாவது வெளியில தெரியும். "கழிவு" எண்டு மூடைக்கு 2 கிலோ கழிப்பாங்களே, அதான் தெரியாது. 70 மூடைக்கு 140 கிலோ. 2025 பெப்ரவரியில அரசாங்கம் நாட்டு நெல்லுக்குச் சொன்ன 120 ரூபாயால பெருக்கினாலும் 16,800 ரூபா. வயல் வேலை செய்யிற ஒரு முல்லைக்காரன்ட வீட்டில அது எத்தின நாள் சோறு எண்டு நினைச்சுப் பாருங்க.

ஈரத்துக்குக் கழிக்கிறது நியாயம்தான், நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீத ஈரத்துக்கு மேல எடுக்காது. ஆனா பல்லால கடிச்சுப் பாத்து "ஈரம் கா" எண்டு சொல்லி மூடைக்கு ரெண்டு கழிக்கிறது அளவு இல்ல. ஈரம் அளக்கிற மீற்றர் ஒண்டு வாங்குங்க, விவசாயி பாக்க அளங்க, இத்தின வீதத்துக்கு இத்தின கிலோ எண்டு ஒரு மட்டையில எழுதி லொறிக் கதவில ஒட்டுங்க. வெறும் சாக்கின்ட நிறைக்கு மட்டும் கழியுங்க, அதையும் பத்து சாக்க ஒண்டா வச்சி நிறுத்துக் காட்டிட்டுக் கழியுங்க. கன காணி வச்சிருக்கிற போடியாருக்கு ஒரு கணக்கு, அரை ஏக்கர்காரனுக்கு ஒரு கணக்கு எண்டு இல்லாம பாத்துக்கொள்ளுங்க. தயிர்ச் சட்டி, கஜு, கோழி முட்டை, எது வாங்கினாலும் இதே கதைதான்.

"பில்ல கொஞ்சம் கூட்டிப் போடுங்க"

இது உங்களுக்குக் கட்டாயம் வரும், முதல் வருசத்துக்குள்ளயே வரும். இதுக்கு முன்கூட்டியே பதில் யோசிச்சு வைக்கணும், அந்த நேரம் யோசிச்சா ஓமெண்டுதான் வாயில வரும்.

மூண்டு விதமா வரும். ஒருத்தர் 18,000க்குச் சாமான் எடுத்திட்டு பில்ல 22,000 எண்டு எழுதச் சொல்லுவார். ஒருத்தர் சீல் அடிச்ச வெறும் பில் கேப்பார். மூண்டாமவர் "கொட்டேசன் மூண்டு வேணும், உங்கட ஒண்டு, மத்த ரெண்டையும் நீங்களே எங்கயாச்சும் லெட்டர்ஹெட் எடுத்துக் கூட்டிப் போட்டுத் தாங்க, ஓடர் உங்களுக்குத்தான்" எண்டுவார். கேக்கிறவர் அநேகமா தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பார், சங்கத்து ஆள், ஏதோ ஒரு புறொஜெக்ட் ஆள், சொந்தக்காரப் பொடியன். சுனாமிக்குப் பொறகு இந்தப் பக்கம் ஏகப்பட்ட புறொஜெக்ட் வந்தது, அதோட இந்தப் பழக்கமும் நல்லா ஊறிட்டு.

எனக்கு முதல் வந்தது வெறும் பில். பிள்ளைகளுக்கு உலர் உணவுப் பொதி, 120 பொதி, எனக்கு அப்ப அது மாச யாவாரத்தில பாதி. "அண்ண, பில் மூண்டு வெறுமையா சீல் அடிச்சித் தாங்க, நாங்க எழுதிக்கிறம்." எனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரல்ல, "தம்பி, பில் எல்லாம் நம்பர் போட்டது, கணக்குப் பாக்கிற ஆள் கேப்பார்" எண்டு ஒரு பொய்யச் சொன்னன், அப்ப என்ட பில் கொப்பியில நம்பரும் இல்ல, எனக்குக் கணக்குப் பாக்க ஆளும் இல்ல. அவர் சிரிச்சிட்டு வேற கடைக்குப் போயிட்டார். ஓடர் போனது போனதுதான், திரும்பி வந்த கதையெல்லாம் இல்ல.

ஆனா அண்டைக்குப் பின்னேரமே அச்சகத்துக்குப் போய் நம்பர் போட்ட, கார்பன் வைக்கிற பில் கொப்பி அடிக்கக் குடுத்தன். அந்தப் பொய்ய உண்மையாக்கிட்டன் எண்டு வைங்களன். நீங்க முதல் நாளே அப்படி அடிச்சிடுங்க, ஒரு நம்பர் கிழிஞ்சா அடிக்கட்டையில தெரியும், அப்ப "ஏலா" எண்டு சொல்ல உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். சீல வீட்டுக்கு எடுத்துப் போங்க, கடையில நிக்கிற பொடியன்ட கையில விடாதீங்க. கேக்கிறவருக்கு நீளமா விளக்கம் சொல்லத் தேவல்ல, "எடுத்த தொகைக்குத்தான் பில் போடுவன், விலையில வேணுமெண்டா 2 வீதம் குறைச்சுத் தாறன், அதையும் பில்லில காட்டுவன்" எண்டு சொல்லுங்க. சங்கத்துக்கு உண்மையா வாங்குறவர் அந்த 2 வீதத்துக்குச் சந்தோசப்படுவார்.

"சந்தோசம்", "தேத்தண்ணிக் காசி" எண்டு கேக்கிற இடங்களும் வரும். கட்டணம் எவ்வளவு, எந்தக் கவுண்டர், றிசீட் எங்க எண்டு மூண்டு கேள்வி கேட்டாலே பாதிப் பேர் அடங்கிடுவாங்க. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 எண்டு நம்பர் இருக்கு. 2023ம் ஆண்டு 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில தனியார் துறையில குடுக்கிற வாங்குற இலஞ்சமும் வருது, அதால கொம்பனி ஆளுக்குக் கமிசன் குடுத்து ஓடர் எடுக்கிறது யாவாரத் தந்திரம் எண்டு யாரும் சொல்லித்தந்தா கவனமா இருங்க.

செக், தவணை, லொறியில கூட வந்த பெட்டி

பொறகு வாற டேட் போட்ட செக் குடுக்கிறது எங்கட யாவாரத்தில சாதாரணம். "அண்டைக்குள்ள வந்திடும்" எண்டு நம்பி டேட் போடாதீங்க, ஏற்கனவே கையில இருக்கிற கணக்கப் பாத்துப் போடுங்க. காசில்லை எண்டு தெரிஞ்சிக்கொண்டு செக் எழுதுறது 1990ம் ஆண்டு 2ம் இலக்கச் சட்டத்தில குற்றம். சட்டம் கிடக்கட்டும், ஒரு செக் ரிட்டேன் ஆனா கல்முனையில காலமை நடந்தது காத்தான்குடியில மத்தியானம் தெரிஞ்சிடும். கட்ட ஏலாத நிலை வந்தா தவணைக்கு மூண்டு நாளைக்கு முன்னமே நீங்களா கோல் எடுங்க, தவணை முடிஞ்சி அவர் எடுக்கிற வரை பாத்துக்கொண்டு இருக்காதீங்க. "நானா, வெள்ளிக்கிழமை முழுக்க ஏலா, பாதி தாறன், மிச்சம் மற்ற வெள்ளி." இந்த ஒரு வசனத்தச் சொல்ல வெக்கப்பட்டு யாவாரத்தையே விட்டவங்க இருக்காங்க.

சாமான் இறக்கக்குள்ள எண்ணி இறக்குங்க, குறைஞ்சா லொறி நிக்கக்குள்ளயே சொல்லணும், கூடினாலும் அப்படித்தான். ஒருக்கா எனக்கு சவுக்காரப் பெட்டி ஒண்டு கூட இறங்கிட்டு, லொறி போன பொறகுதான் கண்டன். கோல் எடுத்துச் சொன்னன். கொம்பனிக்கு அது ஒண்டுமில்லாத காசிதான், ஆனா அந்தப் பெட்டி குறைஞ்சா ஏத்தின பொடியன்ட சம்பளத்தில வெட்டுவாங்க எண்டு பொறகுதான் தெரிய வந்திச்சு.

கடையில நிக்கிற பிள்ளையள்

சம்பளம் சொன்ன திகதியில குடுங்க. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) ரெண்டும் கட்டுங்க, ஒராள் வேலை செஞ்சாலும்தான். 40,000 சம்பளம் எண்டா அவர்ட பங்கு 8 வீதம் 3,200, உங்கட பங்கு 12 வீதம் 4,800, ஈடிஎப் 3 வீதம் 1,200, அந்த 12ம் 3ம் உங்கட கையில இருந்து. அவர்ட 8 வீதத்த வெட்டிட்டுக் கட்டாம விடுறது சுத்தக் களவு, இதுக்கு வேற பேர் இல்ல.

மற்றது, பொடியனுக்கு "கிழவி வந்தா பழைய தேங்காயக் குடு" எண்டு சொல்லிட்டு, அவன் லாச்சியில 500 எடுத்தா ஏன் கோவிக்கிறீங்க? அவன் உங்கட கடையில படிச்சதத்தான் செய்யிறான்.

ஒன்லைனில விக்கிறவங்களுக்கு

உங்கட கையில இருக்கிற சாமான்ட போட்டோவப் போடுங்க, வெளிநாட்டுப் பக்கத்தில இருந்து எடுத்தத வேணாம். பகல் வெளிச்சத்தில எடுங்க, பில்டர் போடாதீங்க, சீலையின்ட நிறம் மாறும். மெசின்ல நெய்ஞ்சத மருதமுனைக் கைத்தறி எண்டு போடாதீங்க, அது தறியில காலும் கையும் நோக நெய்யிற ஆளின்ட சோத்தில கைவைக்கிற வேலை. சீனிப்பாணி கலந்த தேன வாகரைக் காட்டுத் தேன் எண்டு விக்கிறதும் அதுதான். "விலை இன்பொக்ஸில" எண்டு எழுதுறது எனக்குப் பிடிக்காது, விலைய வெளியில போடுங்க, டெலிவரிக் காசையும் சேத்துச் சொல்லுங்க. உடைஞ்சோ மாறியோ போனா என்ன செய்வீங்க எண்டதையும் விக்க முன்னமே எழுதி வைங்க. பாவனையாளர் அதிகார சபைக்கு முறைப்பாடு சொல்லுற 1977 எண்ட நம்பர் ஒன்லைன் கடைக்கும்தான்.

இரவு பூட்ட முன்ன

பத்து நிமிசம். காலமை லாச்சியில வச்ச சில்லறை எவ்வளவு, விற்பனை எவ்வளவு, கடனுக்குப் போனது எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு, கையில இருக்கிறது எவ்வளவு. ஒரு நாளும் சரியா வராது, முதல் மாசம் முழுக்க வராது, பயப்படாதீங்க. 340 ரூபா குறைஞ்சா உங்கட பொக்கட்டில இருந்து 340 போட்டுச் சரிக்கட்ட வேணாம், 340 கூடினா எடுத்துப் பொக்கட்டில போடவும் வேணாம். கூடினது ஆருக்கோ மிச்சக் காசி குறைய போனதுதான், ஒரு பேணிக்குள்ள தனியாப் போட்டு வைங்க, ரெண்டு நாளைக்குள்ள ஒராள் வந்து கேப்பார். கொப்பியில "340 குறைவு, காரணம் தெரியா" எண்டு எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, சட்டர இழுத்துப் பூட்டிட்டுப் போய்ச் சாப்பிடுங்க.